இளநீரையும் தேங்காய்ப்பாலையும் எப்போது அடுப்பில் ஏற்றுவது? பாயசம் திரிந்துபோனது குறித்து ஒரு கேள்வி

பேராவூரணித் தோப்பு (கேள்வி):

அனைவருக்கும் வணக்கம். தஞ்சாவூர் மாவட்டம் பேராவூரணிக்கு அருகில் எங்களுக்குச் சிறிய தென்னந்தோப்பு ஒன்று இருக்கிறது. 2018 நவம்பரில் வீசிய கஜா புயலில் பெரும்பாலான மரங்கள் வேரோடு சாய்ந்துவிட்டன. அதன்பின் நட்ட நெட்டை குட்டைக் கலப்பினக் கன்றுகள் இப்போது நன்றாகக் காய்க்கின்றன. வரும் சித்திரையில் என் தந்தைக்கு எண்பது வயது நிறைவதை வீட்டிலேயே கொண்டாட இருக்கிறோம். ஏறத்தாழ 60 பேர் வருவார்கள். புயலுக்குப் பிறகு அந்தக் கன்றுகளுக்கு ஒவ்வொரு நாளும் தண்ணீர் ஊற்றி வளர்த்தவர் அவர்தான் என்பதால், அன்றைய விருந்தில் பானம், குழம்பு, பாயசம் மூன்றும் அந்த மரத்துக் காய்களிலிருந்தே வரவேண்டும் என்பது என் விருப்பம்.

ஆனால் எனக்கு அனுபவம் போதவில்லை. சென்ற ஆண்டு என் தங்கையின் வளைகாப்புக்கு இளநீர்ப் பாயசம் செய்தேன். காலையில் வெட்டி வைத்த இளநீரை மதியம் கொதிக்கும் பசும்பாலில் ஊற்றினேன். பால் அப்படியே திரிந்து, திப்பி திப்பியாகப் பிரிந்துவிட்டது. அவ்வளவு பாலையும் கொட்டிவிட்டு, வந்தவர்களுக்குக் கேசரி கொடுத்தோம். அன்று என் தாயார் ஒரு சொல்லும் சொல்லவில்லை என்றாலும் எனக்கு அது இன்னும் உறுத்துகிறது.

இன்னொரு முறை, மீந்த இளநீரைப் பாட்டிலில் ஊற்றிச் சமையலறையிலேயே வைத்திருந்தேன். மறுநாள் காலையில் அது இளஞ்சிவப்பு நிறமாக மாறி, புளித்த வாடை அடித்தது. இது காயின் குற்றமா, பாட்டிலின் குற்றமா என்று தெரியவில்லை.

மூன்றாவதாக, கொப்பரைக்குக் காய் உடைக்கும் நாட்களில் வாளி வாளியாகத் தேங்காய்த் தண்ணீர் மண்ணில் போகிறது. அதை உணவில் பயன்படுத்த முடியுமா, முடியுமென்றால் எதற்கெல்லாம் பயன்படும் என்பதையும் அறிந்தவர்கள் சொன்னால் நன்றியுடையவளாக இருப்பேன்.

---

நெல்லைப் பந்தி:

அம்மா, திருநெல்வேலிப் பக்கம் 30 ஆண்டுகளாகக் கல்யாணச் சமையல் செய்துவருகிறேன். பாயசத்திலிருந்தே தொடங்குகிறேன்.

இளநீரில் இயல்பாகவே மெல்லிய புளிப்பு உண்டு. வெட்டியவுடன் நாக்குக்கு அது தெரியாது. வெயில் காலத்தில் நான்கைந்து மணி நேரம் வெளியில் இருந்தால் அந்தப் புளிப்பு ஏறிக்கொண்டே போகும். நீங்கள் காலையில் வெட்டியதை மதியம் ஊற்றினீர்கள், அதுவும் கொதிக்கும் பாலில் ஊற்றினீர்கள். புளிப்பும் சூடும் ஒன்றாகச் சேர்ந்தால் எந்தப் பாலும் திரிந்துதான் போகும். பனீர் செய்வதற்கு நாம் வேண்டுமென்றே செய்வதும் அதுதானே.

நான் செய்யும் முறையைச் சொல்கிறேன். 60 பேருக்கு 4 லிட்டர் பசும்பாலை அடி கனத்த பாத்திரத்தில் ஊற்றி, இரண்டரை லிட்டர் ஆகும் வரை சிறு தீயில் காய்ச்சி, முக்கால் கிலோ சர்க்கரையைக் கரைத்து இறக்கிவிட வேண்டும். இத்துடன் அடுப்பு வேலை முடிந்தது. பாலை நன்றாக ஆறவைத்து, பிறகு பனிக்கட்டி நிரப்பிய அகலப் பாத்திரத்துக்குள் இறக்கிக் குளிரவைக்க வேண்டும். பால் சில்லென்று ஆனபின் 4 தேங்காயின் முதல் பாலைச் சேர்க்கலாம். 15 இளநீரின் வழுக்கையில் பாதியைச் சிறு துண்டுகளாக நறுக்கி, மீதியைச் சிறிது இளநீர் விட்டு அரைத்துச் சேர்க்க வேண்டும். பந்திக்கு அரை மணி நேரம் முன்னதாக, அப்போதுதான் வெட்டிய இளநீரில் ஒன்றரை லிட்டரை வடிகட்டி ஊற்றிக் கலக்கினால் போதும். ஏலக்காயைக் கிள்ளிப் போட்டதுபோல் மட்டும் போடுங்கள், ஏனெனில் ஏலம் தூக்கலாக இருந்தால் இளநீரின் மணம் இருக்கும் இடம் தெரியாது. முந்திரியை நெய்யில் வறுத்துப் போடும் வழக்கத்தையும் இந்தப் பாயசத்தில் நான் கைவிட்டுவிட்டேன். குளிர்ந்த பாலில் நெய் உறைந்து நாக்கில் ஒட்டும்.

வழுக்கையைத் தேர்ந்தெடுப்பதில் கவனம் வேண்டும். கரண்டியால் வழித்தால் முழுதாகக் கழன்று வரக்கூடிய, அழுத்தினால் நசுங்கக்கூடிய பதம்தான் சரி. தண்ணீர் வழுக்கையாக இருந்தால் அரைக்கும்போது கரைந்துவிடும், கட்டி வழுக்கையாக இருந்தால் பாயசத்தில் நார் தட்டும். காய் இறக்குபவரிடம் வழுக்கைப் பதமான குலை வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

குழம்புக்கு நான் சொல்லக்கூடியது ஒன்றே ஒன்று, சொதி. எங்கள் ஊரில் கல்யாணத்துக்கு மறுநாள் மறுவீட்டு விருந்தில் மாப்பிள்ளைக்கு வைக்கும் குழம்பு என்பதால் அதற்கு மாப்பிள்ளைச் சொதி என்றே பெயர். தேங்காய்ப்பாலின் குணத்தை முழுவதும் அறிந்து செய்ய வேண்டிய குழம்பு அது. பத்துப் பேருக்கு மூன்று பெரிய தேங்காய் வேண்டும். முற்றிய காயாக, ஆனால் உள்ளே கொப்பரை விழத் தொடங்காததாக இருக்க வேண்டும். சொதி வெள்ளையாக வர வேண்டுமானால் தேங்காயின் பழுப்புத் தோலைச் சீவிவிட வேண்டும். துருவி, வெதுவெதுப்பான நீர் கொஞ்சமாக விட்டு அரைத்துப் பிழிந்த முதல் பாலைத் தனியே வைத்துக்கொள்ளுங்கள். அதே சக்கையில் நீர் விட்டு இரண்டாம் பாலும், மறுபடியும் விட்டு மூன்றாம் பாலும் எடுக்க வேண்டும்.

முருங்கைக்காய், கேரட், பீன்ஸ், உருளைக்கிழங்கு, பச்சைப் பட்டாணி ஆகியவை மூன்றாம் பாலில் வேக வேண்டும். கீறிய பச்சை மிளகாயும் இஞ்சிச் சாறும்தான் காரம், மிளகாய்த் தூள் இதற்குள் வரவே கூடாது. காய் வெந்தபின் குழைய வெந்த பாசிப்பருப்பையும் இரண்டாம் பாலையும் ஊற்றி ஒரு கொதி வரவிட வேண்டும். பிறகு தீயைக் குறைத்து முதல் பாலை ஊற்றுங்கள். ஓரங்களில் நுரை கூடி, பாத்திரம் லேசாக முணுமுணுக்கத் தொடங்கும் நேரத்தில் இறக்கிவிட வேண்டும். எலுமிச்சைச் சாற்றை அடுப்பில் இருக்கும்போது ஊற்றக் கூடாது. இறக்கி, சூடு சற்றுத் தணிந்து, பந்திக்கு எடுத்துப்போகும் முன் ஊற்ற வேண்டும். உடன் இஞ்சித் துவையலும் உருளைக்கிழங்குப் பொரியலும் இல்லாமல் சொதி பரிமாறுவது முறையாகாது. இவ்வளவு தேங்காய்ப்பால் சாப்பிட்ட வயிற்றுக்கு அந்த இஞ்சி தேவை என்பதை எங்கள் பெரியவர்கள் அறிந்தே சேர்த்திருக்கிறார்கள்.

இளநீர் ரசத்துக்கும் இதே வரிசைதான். தக்காளி, மிளகு, சீரகம், பூண்டு எல்லாம் போட்டு ரசத்தை வழக்கத்தைவிடச் சற்றுக் காரசாரமாகத் தயாரித்து, நுரை கட்டியவுடன் இறக்கி, அதன்பின் இளநீரை ஊற்றி மூடிவைக்க வேண்டும்.

பானத்துக்குச் சர்க்கரை வேண்டவே வேண்டாம். ஒருவருக்கு 200 மில்லி என்றால் 60 பேருக்கு 12 லிட்டர். ஒரு காயில் 300 மில்லி கிடைக்கும் என்று வைத்துக்கொண்டால் 40 காய் போதும். ஒரு லிட்டருக்கு ஓர் எலுமிச்சம்பழத்தின் சாறு, அரைத் தேக்கரண்டி இஞ்சிச் சாறு, இரு விரல் நுனி அளவு உப்பு, நான்கைந்து புதினா இலை. விருந்தினர் வரத் தொடங்கியபின் வெட்டுங்கள். அந்தக் காய்களின் வழுக்கையை நறுக்கி மேலே மிதக்கவிட்டால் குழந்தைகள் விரும்பி உண்பார்கள்.

---

பொள்ளாச்சி உணவியல்:

நெல்லை ஐயா கைப்பழக்கத்தால் சொன்னவை அனைத்தும் உணவு அறிவியலோடு பொருந்துகின்றன. நான் உணவுத் தொழில்நுட்பம் படித்து, பொள்ளாச்சிப் பகுதியில் தேங்காய்ப் பொருட்கள் தயாரிக்கும் துறையில் பணியாற்றுகிறேன். அதனால் காரணங்களை மட்டும் சேர்த்துச் சொல்கிறேன்.

பழுதில்லாத காய்க்குள் இருக்கும் வரை இளநீர் நுண்ணுயிர் இல்லாத தூய நீர். வெட்டிய கணத்தில் காற்றும், அரிவாளிலும் மட்டையிலும் கையிலும் உள்ள கிருமிகளும் அதனுள் சேர்கின்றன. சர்க்கரையும் தாது உப்புகளும் கலந்த நீர் என்பதால் அவை விரைவில் பெருகிப் புளிப்பை உண்டாக்குகின்றன. நிறம் மாறியதற்குக் காரணம் வேறு. இளநீரில் பாலிஃபீனால் ஆக்சிடேஸ், பெராக்சிடேஸ் என்னும் நொதிகள் இருக்கின்றன. காற்று பட்டவுடன் இவை செயல்படத் தொடங்கி நீரை இளஞ்சிவப்பாகவோ பழுப்பாகவோ மாற்றுகின்றன. நறுக்கிய வாழைக்காயும் கத்தரிக்காயும் கறுப்பதும் இதே வகை மாற்றம்தான். ஆகவே குற்றம் காயிலும் இல்லை, பாட்டிலிலும் இல்லை. திறந்த நீரை வெளிவெப்பத்தில் இரவு முழுவதும் வைத்ததுதான் காரணம். நிறம் மட்டும் லேசாக மாறிய இளநீர் கெட்டுவிட்டது என்று பொருளல்ல. ஆனால் புளித்த வாடையும் குமிழியும் சேர்ந்துவிட்டால் அதைக் குடிக்கக் கூடாது.

கொதிக்கவைத்துவிட்டால் கிருமியும் நொதியும் போய்விடுமே என்று நீங்கள் நினைக்கலாம். போய்விடும், கூடவே இளநீரின் மணமும் போய்விடும். இளநீரின் மணத்தைத் தரும் பொருட்கள் எளிதில் ஆவியாகக்கூடியவை. பெட்டியில் அடைத்து விற்கப்படும் இளநீரைக் குடித்தவர்கள், தோப்பில் குடிக்கும் சுவை அதில் இல்லை என்று சொல்வதற்கு இந்தச் சூடேற்றலே முதன்மையான காரணம்.

எனவே வீட்டில் சேமிக்க வேண்டுமென்றால் நீரைச் சேமிக்காமல் காயைச் சேமியுங்கள். குலையைக் கயிறு கட்டி மெதுவாக இறக்கி, காம்பு கழலாமல் நிழலில் வைத்தால் சில நாட்கள் தாங்கும். மேலிருந்து போட்டால் ஓட்டில் கண்ணுக்குத் தெரியாத விரிசல் விழுந்து, உள்ளே இருக்கும் நீர் வெளியில் தெரியாமலேயே கெடும். வணிக அளவில், மட்டையின் பெரும்பகுதியைச் சீவிய காயை அரை விழுக்காடு சிட்ரிக் அமிலமும் அரை விழுக்காடு பொட்டாசியம் மெட்டாபைசல்பைட்டும் கலந்த நீரில் 3 நிமிடம் அமிழ்த்தி, 5 முதல் 7 பாகை செல்சியஸ் குளிரில் வைத்து, ஏறத்தாழ 24 நாட்கள் வரை பாதுகாக்கும் முறை நடைமுறையில் இருக்கிறது. ஒரு நாள் விருந்துக்கு அது தேவையில்லை. முன்னதாக வெட்டியே ஆகவேண்டிய நிலை வந்தால், வெந்நீரில் கழுவிய எவர்சில்வர் பாத்திரத்தில் வடிகட்டி, உடனே குளிர்சாதனப் பெட்டியில் வைத்து, அன்றைக்கே தீர்த்துவிடுங்கள்.

தேங்காய்ப்பால் திரிவதன் காரணமும் அறிந்துகொள்ளத் தக்கது. தேங்காய்ப்பால் என்பது நீரில் மிதக்கும் நுண்ணிய எண்ணெய்த் துளிகள். அந்தத் துளிகள் ஒன்றோடொன்று சேராமல் பிரித்து வைத்திருப்பது தேங்காயின் புரதம். சூடு 80 பாகையைத் தாண்டும்போது அந்தப் புரதம் உறையத் தொடங்குகிறது, எண்ணெய் தனியே பிரிகிறது. புளிப்பு மிகுந்தாலும் இதேதான் நிகழும். முதல் பாலில் எண்ணெய் மிகுதி என்பதால் பிரிந்தது நன்றாகக் கண்ணுக்குத் தெரியும். மூன்றாம் பாலில் எண்ணெய் மிகக் குறைவு என்பதால் அதைக் கொதிக்கவைத்தாலும் குறை தெரியாது. சொதியில் குழைந்த பாசிப்பருப்பு ருசிக்காக மட்டும் சேர்க்கப்படுவதன்று, அதன் மாவுச்சத்து துளிகளைப் பிடித்துவைக்கவும் உதவுகிறது. பருப்பு சேராத குழம்புக்கு ஒரு தேக்கரண்டி அரிசி மாவைக் கரைத்து ஊற்றினால் அதே பயன் கிடைக்கும்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்ல விரும்புகிறேன். இளநீரை அகர் அகர் என்னும் கடற்பாசியால் உறையவைக்கும் இளநீர்க் கடற்பாசி உங்கள் விருந்துக்கு மிகவும் பொருந்தும். பெரும்பாலோர் இளநீரிலேயே கடற்பாசியைப் போட்டுக் கொதிக்கவைத்து, மணம் முழுவதையும் இழக்கிறார்கள். கடற்பாசி கரைவதற்கு 85 பாகைக்கு மேல் சூடு வேண்டும். ஆனால் கரைந்தபின் 40 பாகைக்குக் கீழே வந்தால்தான் உறையும். இந்த இடைவெளிதான் நமக்கு உதவுகிறது. ஒரு லிட்டர் கலவைக்கு 10 கிராம் கடற்பாசியை ஊறவைத்து, 250 மில்லி தண்ணீரில் முழுவதும் கரையும் வரை காய்ச்சுங்கள். சர்க்கரை வேண்டுமென்றால் அந்த நீரிலேயே கரைத்துவிடுங்கள். இறக்கியபின் 750 மில்லி இளநீரை மெல்ல ஊற்றிக் கலக்கி, வழுக்கைத் துண்டுகளைப் பரப்பிய தட்டில் ஊற்றினால், இளநீர் கொதிக்காமலேயே உறைந்துவிடும். இளநீர் வெளிவெப்பத்தில் இருக்க வேண்டும் என்பதை மட்டும் மறவாதீர்கள். குளிர்ந்த இளநீரை ஊற்றினால் கடற்பாசி உடனே நூல் நூலாகக் கட்டிவிடும். மன்னார் வளைகுடாக் கரையில் பெண்கள் கடலில் மூழ்கி எடுக்கும் பாசியிலிருந்து வரும் பொருள் இது. நம் கடலும் நம் தோப்பும் ஒரே தட்டில் சேர்வது எனக்கு மிகவும் பிடித்த செய்தி.

---

கொக்குவில் அடுப்படி:

வணக்கம். நான் யாழ்ப்பாணத்தைச் சேர்ந்தவள். எங்கள் வீடுகளில் சொதி இல்லாமல் இடியப்பம் இல்லை என்பதால், நெல்லை ஐயா எழுதியதை மிகுந்த ஆர்வத்தோடு வாசித்தேன். பெயர் ஒன்றாக இருந்தாலும் எங்கள் சொதி வேறானது. அது விருந்துக் குழம்பன்று, அன்றாடம் வைப்பது. வெங்காயம், பச்சை மிளகாய், கறிவேப்பிலை, சிறிது வெந்தயம், மஞ்சள், உப்பு ஆகியவற்றைக் கப்பிப்பாலில் அவியவிட்டு, பிறகு முதற்பாலை விட்டு, அகப்பையால் துழாவிக்கொண்டே ஒரு கொதி வரச் செய்து இறக்குவோம். முதற்பால் கொதிக்கவே கூடாது என்று ஐயா சொல்கிறார். எங்கள் அனுபவத்தில், துழாவுவதை நிறுத்தாமல் இருந்தால் ஒரு கொதிக்குப் பால் திரைவதில்லை. கையை எடுத்தால்தான் திரையும். ஆனால் 60 பேருக்குப் பெரிய பாத்திரத்தில் வைக்கும்போது அவ்வாறு துழாவுவது கடினம் என்பதால், உங்கள் விருந்துக்கு ஐயாவின் முறையே பாதுகாப்பானது. தேசிக்காய்ப் புளியை, அதாவது எலுமிச்சைச் சாற்றை, இறக்கியபின்தான் விடவேண்டும் என்பதில் எங்களுக்குள் வேறுபாடே இல்லை.

கப்பிப்பால் என்பது முதற்பால் பிழிந்தபின் எடுக்கும் இரண்டாம், மூன்றாம் பால்கள். உங்கள் பக்கத்தில் இந்தச் சொல் வழக்கில் இல்லை என்று நினைக்கிறேன். அதுபோலவே நாங்கள் துருவிய தேங்காயைத் தேங்காய்ப்பூ என்போம். தமிழ்நாட்டில் முளைவிட்ட தேங்காய்க்குள் இருக்கும் பஞ்சு போன்ற உருண்டையைத் தேங்காய்ப்பூ என்று வண்டிகளில் விற்பதைப் பார்த்தேன். எங்கள் சமையற் குறிப்புகளை வாசிக்கும்போது இதை நினைவில் வைத்துக்கொண்டால் குழப்பம் வராது.

பருவம் அறிந்து காயைப் பயன்படுத்துவது பற்றி ஒன்று சொல்ல வேண்டும். குடிப்பதற்கு எங்கள் நாட்டில் செவ்விளநீர்தான் முதலிடம் பெறும். சமையலுக்கு அது உதவாது, அதன் தேங்காய்ப் பருப்பில் பால் குறைவு. இளநீருக்கும் தேங்காய்க்கும் இடைப்பட்ட பருவத்தை முட்டுக்காய் என்போம். அதன் நீரில் இனிப்பு குறைந்திருக்கும், பருப்போ பால் பிழியும் அளவுக்கு முற்றியிருக்காது. அது எதற்கும் ஆகாது என்று பலர் ஒதுக்கிவிடுகிறார்கள். என் அம்மம்மா அதை மெல்லிய கீற்றுகளாகச் சீவி, பச்சை மிளகாயும் சின்ன வெங்காயமும் உப்பும் தேசிக்காய்ப் புளியும் பிசைந்து, மதியச் சோற்றுக்கு வைப்பார். வெயில் நாளில் அதற்கு ஈடான தொட்டுக்கொள்ளும் கறியை நான் வேறெங்கும் கண்டதில்லை. உங்கள் காய் இறக்குபவர் தவறுதலாக முட்டுக்காய்க் குலையை இறக்கிவிட்டால் வருந்த வேண்டாம்.

---

நாஞ்சில் ஆப்பக்கல்:

தேங்காய்த் தண்ணீர் பற்றிய மூன்றாவது கேள்விக்கு மட்டும் பதில் சொல்கிறேன். கன்னியாகுமரி மாவட்டத்தில் அதை மண்ணில் ஊற்றுவதை எங்கள் பாட்டி ஒப்புக்கொள்ளவே மாட்டார்.

ஆப்ப மாவுக்கு அதைவிட நல்ல புளிப்பு கிடையாது. முதல் நாள் மாலையில் ஒரு தேங்காயின் தண்ணீரை வடிகட்டி, ஒரு தேக்கரண்டி சர்க்கரை போட்டு மூடிவைத்தால், மறுநாள் காலையில் சிறு குமிழிகள் எழும்பிக் கள்ளின் வாடை மெல்ல வரும். மூன்று தம்ளர் பச்சரிசியை நான்கு மணி நேரம் ஊறவைத்து, ஒரு கைப்பிடிச் சோறும் அரை மூடித் தேங்காய்த் துருவலும் சேர்த்து, அந்தத் தண்ணீரை விட்டே அரைக்க வேண்டும். எட்டு மணி நேரத்தில் மாவு பொங்கி நிற்கும். கள் கிடைத்த காலத்தில் கள் ஊற்றினார்கள், இப்போது கடையில் விற்கும் ஈஸ்ட்டைப் போடுகிறார்கள். ஈஸ்ட் போட்ட ஆப்பம் பஞ்சுபோல் இருந்தாலும், ஆறியபின் அதன் வாடை எனக்கு ஒத்துக்கொள்வதில்லை. தேங்காய்த் தண்ணீரில் பொங்கிய ஆப்பம் ஆறினாலும் இனிக்கும். ஊற்றுவதற்குச் சற்று முன் இரண்டு கரண்டி தேங்காய்ப்பாலை மாவில் கலந்தால் ஓரம் மொறுமொறுப்பாக வரும்.

புட்டு மாவு விரவவும் இந்தத் தண்ணீரையே தெளிக்கலாம். முற்றிய காயின் நீரில் சற்று உப்புச் சுவை இருப்பதால் அப்போது மாவில் உப்பைக் குறைத்துக்கொள்ளுங்கள். அளவு மிகுதியாக இருந்தால் காடி தயாரிக்கலாம். வினிகர் என்று கடையில் விற்பதற்குப் பதிலாக அதுவே ஊறுகாய்க்கு நன்றாக உதவும். ஆனால் சர்க்கரை சேர்த்து நொதிக்கவைத்து வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டும் என்பதால், உங்கள் விருந்து முடிந்தபின் நிதானமாகச் செய்து பாருங்கள்.

ஓர் எச்சரிக்கை. கொப்பரைக்கு உடைக்கும் காய்களின் தண்ணீரை நேராக வாளியில் விடாதீர்கள். ஒவ்வொரு காயையும் ஒரு சிறு கிண்ணத்தின் மேல் உடைத்து, முகர்ந்து பார்த்து, நன்றாக இருந்தால் மட்டும் பெரிய பாத்திரத்தில் ஊற்றுங்கள். நெற்றுக்காய்களில் ஒன்று அழுகியிருந்தாலும் வாளி முழுவதும் வீணாகிவிடும். நொதிக்க வைக்கும் பாத்திரம் கண்ணாடியாகவோ பீங்கானாகவோ இருக்கட்டும், அலுமினியம் வேண்டாம்.

---

பேராவூரணித் தோப்பு:

இவ்வளவு பொறுமையாக எழுதிய அனைவருக்கும் என் மனமார்ந்த நன்றி. நேற்று நெல்லை ஐயா சொன்ன முறையில் பத்துப் பேருக்கான பாயசத்தைச் செய்து பார்த்தேன். பாலைக் குளிரவைத்து, கடைசியில் இளநீரை ஊற்றியபோது என் கை நடுங்கியது உண்மை. திரியவில்லை. என் தாயார் இரண்டு கிண்ணம் கேட்டு வாங்கிக் குடித்தார்.

கடற்பாசியில்தான் ஒரு தவறு செய்தேன். இளநீரைக் குளிர்சாதனப் பெட்டியிலிருந்து எடுத்தபடியே ஊற்றிவிட்டேன், சொன்னதுபோலவே நூல் நூலாகக் கட்டியது. இரண்டாம் முறை வெளியில் வைத்து ஊற்றியதும் கண்ணாடிபோல் உறைந்தது. ஆப்ப மாவை இன்று மாலை அரைக்கப் போகிறேன்.

இன்னொரு செய்தியையும் கேட்டுவிடுகிறேன். என் தந்தை இரத்த அழுத்தத்துக்கு நீண்ட காலமாக மாத்திரை எடுத்துக்கொள்கிறார். அவர் நாள்தோறும் ஓர் இளநீர் குடிக்கலாமா?

---

பொள்ளாச்சி உணவியல்:

இதை நீங்கள் கேட்டது மிகவும் நல்லது, நானே முன்னர் எழுதியிருக்க வேண்டும். 100 மில்லி இளநீரில் ஏறத்தாழ 200 முதல் 250 மில்லிகிராம் வரை பொட்டாசியம் இருக்கிறது. ஒரு தம்ளரில் அது 400 முதல் 500 மில்லிகிராம் ஆகிவிடும். உடல்நலமுள்ளவரின் சிறுநீரகம் அதை எளிதில் வெளியேற்றிவிடும். சிறுநீரகம் தளர்ந்தவர்களுக்கு அது இரத்தத்தில் தேங்கி இதயத் துடிப்பையே பாதிக்கலாம். இரத்த அழுத்தத்துக்குத் தரப்படும் சில மாத்திரைகளும் பொட்டாசியத்தை உடலில் தேக்கும் தன்மை உடையவை. எண்பது வயதில் இவ்விரண்டும் சேர்ந்திருக்க வாய்ப்புண்டு. மாத்திரைச் சீட்டையும் அண்மையில் எடுத்த இரத்தப் பரிசோதனை முடிவையும் மருத்துவரிடம் காட்டிக் கேட்காமல் நாள்தோறும் கொடுக்க வேண்டாம். விருந்தினர்களிலும் சிறுநீரக நோய் உள்ளவர்கள் இருந்தால் அவர்களுக்கு மோரோ பானகமோ தனியாக வைத்து, எதைக் குடிக்கலாம் என்பதை அவர்களிடமே கேட்டுக்கொள்ளுங்கள்.

வயிற்றுப்போக்கு வந்தவர்களுக்கு உப்பு சர்க்கரைக் கரைசலுக்குப் பதிலாக இளநீரே போதும் என்று பலர் நம்புகிறார்கள். இளநீரில் சோடியம் குறைவு என்பதால் அந்தக் கரைசலின் இடத்தை அது முழுமையாக நிரப்பாது.

---

பேராவூரணித் தோப்பு:

இன்று மருத்துவரைப் பார்த்துவிட்டு வந்தோம். பரிசோதனை முடிவைப் பார்த்தபின், விழா நாளில் அரைத் தம்ளர் குடிக்கலாம், நாள்தோறும் வேண்டாம் என்று சொன்னார். அப்பாவுக்குச் சற்று வருத்தம்தான். ஆனால் பாயசத்திலும் கடற்பாசியிலும் தம் பங்கைக் குறைத்துக்கொண்டு, அந்த அரைத் தம்ளரை வெட்டிய காயிலேயே குடிப்பதாக அவரே முடிவு செய்துவிட்டார்.

பானத்துக்கு 40, பாயசத்துக்கு 15, கடற்பாசிக்கு 15 என்று 70 இளநீருக்குச் சொல்லி வைத்திருக்கிறேன். குலைகளைக் கயிறு கட்டித்தான் இறக்க வேண்டும் என்று சொன்னபோது காய் இறக்குபவர் ஒப்புக்கொண்டார். சொதிக்கான 18 தேங்காயை அப்பாவே தட்டிப் பார்த்துப் பொறுக்கி, கொட்டகையின் ஓரத்தில் அடுக்கி வைத்திருக்கிறார்.